வளைவுக்குக் கீழே நட்ட கம்பம்

1828-ஆம் வருடம் நவம்பர் மாதம் 13-ஆம் தேதி வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, டர்ஹாம் வட்டார மாஜிஸ்திரேட் முன்பாக, அவருடைய வீட்டு அலுவல் அறையில் சொன்னது. குமாஸ்தா எழுதிக்கொண்டது.

என் பெயர் கத்பர்ட் ராப்சன். தகப்பனார் மார்க் ராப்சன், காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்தொன்று. ஹேகில் சுரங்கத்திலிருந்து ஆற்றுத்துறைக்குப் போகும் தண்டவாளப் பாதையில் குதிரை பூட்டி நிலக்கரி வண்டி ஓட்டுவது என் தொழில். ஹேகிலில் சுரங்கத்தார் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஏழாவது வீட்டில் குடியிருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. சென்ற வாரம் இறந்துபோன டாம் லிடில் என் கூடப்பிறந்த தங்கை ஹானாவின் கணவன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகவே வந்தேன். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பும் என்று மாஜிஸ்திரேட் இரண்டு முறை எச்சரித்தார். தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

எங்கள் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிடுவதற்கு அரை மைலுக்கு ஓர் ஒதுங்குபாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு ஒதுங்குபாதைகளுக்கு நடுவில் சரிபாதியில் ஒரு கம்பம் நட்டிருக்கும். அதைப் பாதிக் கம்பம் என்போம். வழியில் இருவர் சந்தித்துக்கொண்டால், யார் முதலில் பாதிக் கம்பத்தைத் தாண்டினாரோ அவருக்குத்தான் பாதை. மற்றவர் வந்த வழியே பின்வாங்கி ஒதுங்குபாதைக்குப் போக வேண்டும். தாண்டியவன் தொப்பியைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, "கம்பம் தாண்டியாச்சு!" என்று சத்தம் போடுவான். அந்தச் சத்தத்துக்குப் பிறகு பேச்சே கிடையாது. தாண்டாமல் தாண்டியதாகச் சொன்னவனோடு எங்களில் யாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பீர் குடிக்க மாட்டோம். இந்தக் கம்பத்துக்காக அடிதடியும் நடந்ததுண்டு. எனக்கே இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பல் போயிற்று.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் நீராவி எஞ்சின் வந்தது. நாங்கள் அதை வெந்நீர் அண்டா என்று சொல்வோம். ஒரு குதிரை நான்கு வண்டி இழுக்கும், அது இருபது வண்டி இழுக்கும். எஞ்சினுக்கும் அதே கம்பம்தான், அதே சட்டம்தான் என்று சுரங்கத்தார் சொல்லிவிட்டார்கள். ஆனால் காலையில் அது கரி ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும், நாங்கள் காலி வண்டிகளோடு ஏற்றத்தில் போவோம். ரெட்ஷா வளைவுப் பக்கத்தில்தான் பெரும்பாலும் சந்திப்போம். அது வேகமாக வருவதால் எப்போதும் அதுவே முதலில் கம்பத்தைத் தாண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரையில் நான் மட்டும் நாற்பது தடவைக்கு மேல் பின்வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்டு மாதத்திலிருந்து எஞ்சினை ஓட்டுகிறவன் ஐசக் ஹெரன். வயது முப்பது இருக்கும். நியூகாசில் பக்கத்துக்காரன். நான் குதிரையைக் கழற்றிப் பின்பக்கம் பூட்டும்போதெல்லாம் அவன் தொப்பியைத் தொட்டு, "சிரமத்துக்கு மன்னிக்கணுங்க" என்பான். அவன் கேலி செய்திருந்தால் நாலு சாத்து சாத்தி அன்றோடு தீர்த்திருப்பேன். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. வசந்தகாலத்துக்குள் குதிரைகளை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது. அதை நான் சாக்காகச் சொல்லவில்லை. எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல். இருபது வண்டிக் கரியோடு அந்த அண்டா ஒரு தடவையாவது ஏற்றத்தில் பின்னால் போய்த் திணறுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நவம்பர் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாதையில் ஓட்டம் கிடையாது. எல்லோரும் ஜெபக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு ரெட்ஷா வளைவுக்குப் போனேன். அங்கே கம்பம் வளைவின் மேல்முனையில் நின்றது. ஓக் மரம், வெள்ளைச் சாயம் பூசியது, ஓர் ஆள் உயரம். மேலிருந்து வருகிறவனுக்கு நூறு கஜத்துக்கு முன்பே தெரியும். அதைப் பார்த்ததும் எஞ்சினில் நீராவியை அடைத்துவிட்டு, வண்டிகளுக்குத் தடைக்கட்டை போட்டு, நடை வேகத்தில்தான் வளைவுக்குள் இறங்குவார்கள். நான் அந்தக் கம்பத்தைப் பிடுங்கி, எழுபது எட்டுத் தூரம் கீழே, வளைவு முடிகிற இடத்தைத் தாண்டி நட்டேன். பழைய குழியில் சாம்பற்கட்டியைக் கொட்டி மேலே புல்லோடு மண்ணைப் பெயர்த்து வைத்தேன். புதிய இடத்தில் கம்பம் இருந்தால், மேலிருந்து வருகிறவனுக்கு வளைவைக் கடந்து வெளியே வரும்வரை அது தெரியாது. இதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கீழிருந்து வருகிற எனக்கு எவ்வளவு ஆதாயம் என்பதை மட்டும் எட்டு வைத்து அளந்தேன்.

டாம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையிலிருந்து மார்புச் சளியில் படுத்திருந்தான். அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போர்வையோடு எழுந்து வந்து, என் கையாலேயே அதைத் திரும்ப நடவைத்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன். நான் சொல்லாததற்கு அதுவே காரணம்.

மறுநாள் திங்கட்கிழமை வெயில் இருந்தது. நான் காலி வண்டிகளோடு புதுக் கம்பத்தைத் தாண்டி, வளைவின் கீழ்முனையில் தொப்பியை உயர்த்திக்கொண்டு நின்றேன். ஐசக் மேல்முனையில் கம்பத்தைக் காணாமல் குழம்பி, மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வந்து என் குதிரைக்கு முன்னால் நிறுத்தினான்.

"கம்பத்தைக் காணோமேங்க" என்றான்.

"எனக்குப் பின்னால நிக்குது பாரு" என்றேன்.

அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "வளைவுக்கு முன்னாடில்ல இருந்துச்சு?" என்று கேட்டான்.

"கம்பத்துக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சாக்கும்? நான் மூணு வருஷமா இந்தப் பாதையில நடக்குறேன், நீ வந்து மூணு மாசம். போய்க் கண்ணைக் கழுவுப்பா. வளைவு தாண்டுனப்புறம்தான் கம்பம், நல்லா பார்த்து வச்சுக்க" என்றேன்.

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான். அதன் பிறகு, "என் தப்புதாங்க" என்று சொல்லி எஞ்சினைப் பின்னால் விட்டான். சக்கரம் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. மேல் ஒதுங்குபாதைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் வந்த ஓட்டிகள் இரண்டு பேர் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பம் மாறியது அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. அதனால் அவர்கள் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். செவ்வாயும் புதனும் ஐசக் வளைவு முழுவதும் நீராவியோடு வந்து, கீழே கம்பத்தைப் பார்த்த பிறகே அடைத்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான்.

6-ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் கடும் மூடுபனி. டாம் படுக்கையை விட்டு எழுந்து அன்றுதான் வேலைக்கு வந்தான். கீழ் ஒதுங்குபாதையில் என் வண்டிகள்தான் முன்னால் நின்றன. நான் குதிரையை ஓரங்கட்டி, அவனை முன்னால் போகச் சொன்னேன்.

"என்ன மச்சான், இன்னைக்கு ரொம்பத் தாராளம்?" என்று கேட்டான்.

"ஒரு வாரமா கஞ்சி குடிச்சுக் கெடந்தவன்தானே, வெந்நீர் அண்டாவை ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டு வா மாப்ள, உடம்பு தானா தேறிடும்" என்றேன்.

"அண்டா முந்திடுச்சுன்னா நான் பேசாம திரும்பி வந்துடுவேன், பார்த்துக்க" என்று சிரித்துக்கொண்டே போனான். அந்த வெற்றியை அவன் அனுபவிக்கட்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவனை முன்னால் விட்டேன். இதை எழுதிக்கொள்ள வேண்டுமென்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டேன்.

நான் இருநூறு எட்டுத் தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பனியில் என் குதிரையின் காதுக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் டாமின் குரல் கேட்டது, "கம்பம் தாண்டியாச்சு!" என்று. அதன் பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. நீராவி அடைக்காத சத்தம். அதன் பிறகு டாம் இரண்டாவது முறை அதையே சொன்னான். டாம் மெல்லப் பேசுகிறவன். அப்படி அவன் கத்தி நான் கேட்டதில்லை. அதில் பயம் இல்லை, கோபம் இருந்தது. நியாயம் தன் பக்கம் இருக்கிறவன் ஒதுங்க மாட்டான் அல்லவா, அந்தக் குரல். அதன் பிறகு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதுவது கேட்டது. பதினொன்று வரை எண்ணினேன்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் குதிரை பூட்டிய பூட்டோடு விழுந்து கிடந்தது. டாம் வளைவுக்குள், தண்டவாளத்துக்கும் எஞ்சின் சக்கரத்துக்கும் நடுவில் கிடந்தான். ஐசக் கீழே குதித்து, கொதிக்கிற இரும்பில் தோளைக் கொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டை கருகும் வாடை வந்தது. "கம்பம் இன்னும் வரலையே, கம்பம் வரலையே" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். டாமுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "தாண்டிட்டேன்ல மச்சான்?" என்று கேட்டான். "தாண்டிட்டப்பா" என்றேன். கால் மணி நேரத்துக்குள் உயிர் போய்விட்டது. தொப்பி கையிலேயே இருந்தது. விரலைப் பிரித்து எடுக்க முடியாமல் அப்படியே விட்டார்கள்.

அதன் பிறகு மற்ற ஓட்டிகள் வந்து சக்கரத்தை நெம்பி, டாமை வெளியே எடுத்து ஒரு வண்டியில் கிடத்தி ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஐசக்கும் கூடவே நடந்து போனான். குதிரையையும் வண்டிகளையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நான் மட்டும் இருந்தேன். ஒரு மணி நேரம்போலத் தனியாக இருந்தேன். எஞ்சினில் கிடந்த கரிவாரியையும் கடப்பாரையையும் எடுத்து, கம்பத்தைப் பிடுங்கி, மேலே பழைய குழியிலேயே நட்டேன். சாம்பற்கட்டி இளகலாக இருந்ததால் தோண்டுவதற்குச் சுலபமாக இருந்தது. கீழ்க் குழியைக் கரித்தூளால் மூடினேன். அப்போது என்ன நினைத்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். என் தங்கைக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். ஐசக்கை நினைக்கவில்லை. கம்பம் மேலே போனால் டாம் அதைத் தாண்டாதவன் ஆகிவிடுவான் என்பதையும் நினைக்கவில்லை.

8-ஆம் தேதி சனிக்கிழமை ஊர்ச் சாராயக்கடை மாடியில் மரண விசாரணை நடந்தது. ஜூரிகள் நேரில் போய் அளந்து பார்த்துவிட்டு வந்தார்கள். டாம் கம்பத்துக்கு முப்பது எட்டுத் தூரம் கீழேயே கிடந்திருக்கிறான், தாண்டாமலே தாண்டியதாகச் சத்தம் போட்டிருக்கிறான் என்றார்கள். ஐசக் கம்பத்தைப் பார்த்தும் நீராவியை அடைக்காமல், மூடுபனியில் வளைவுக்குள் வந்திருக்கிறான் என்றார்கள். நான் இடம் மாற்றிய ஒரு கம்பம் செத்தவனைப் பொய்யனாகவும் இருக்கிறவனைக் கொலைகாரனாகவும் ஆக்கிவிட்டது. ஹானா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐசக்கிடம் கேட்டபோது, கம்பம் வளைவுக்குக் கீழே இருப்பதாகவே தனக்கு நினைவு என்றான். அங்கிருந்த எல்லோரும் அது எப்போதும் மேலேதான் என்றார்கள். அவன் என் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை நீங்கதானே காட்டினீங்க, வளைவு தாண்டித்தான்னு?" என்று கேட்டான். பைபிள் மேல் கைவைத்து சத்தியம் செய்திருந்தேன். அப்படி எதுவும் எனக்கு நினைவில்லை என்றேன். அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். என்னைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டான். அன்று சாயங்காலமே அவனை டர்ஹாம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வசந்தகாலத்தில் பெரிய கோர்ட்டில் வழக்கு. தீர்ப்பானால் கப்பலேற்றித் தீவாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நேற்று, 12-ஆம் தேதி புதன்கிழமை, அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஹானா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். மறுக்க வழியில்லாமல் போனேன். சிறையில் ஐசக் ஒரு கண்ணைக் கையால் மூடி, எதிர்ச் சுவரில் இருக்கிற கற்களை எண்ணிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தோளில் கட்டு இருந்தது.

ஹானா கேட்டாள், "அவரு சத்தம் போட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. கேக்கும்போது ரொம்பக் கிட்ட வந்துட்டேன், எஞ்சின் நிக்கல. ஆனா பொய் சொல்ற ஆளோட குரல் மாதிரி இல்லம்மா அது. நான் அதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் எழுதிக்கல" என்றான்.

"அதுக்கு முன்னாடியே ஏன் நிறுத்தல?"

"என் கண்ணை நம்பி ஓட்டினேன். இல்லாத எடத்துல கம்பத்தைப் பார்த்திருக்கு இந்தக் கண்ணு. மூணு நாள் பார்த்திருக்கு. தண்டனை முடிஞ்சு வந்தாலும் இனி எஞ்சின் பக்கம் போக மாட்டேன்மா, இன்னொருத்தரைக் கொன்னுடுவேன்."

அதன் பிறகு அவன் என்னைப் பார்த்து, "ஐயா, அந்தத் திங்கட்கிழமை விஷயம்... ஏதாவது ஞாபகம் வந்துச்சுங்களா?" என்று கேட்டான். கெஞ்சிக் கேட்கவில்லை. காணாமற்போன பொருளைக் கேட்பதுபோலக் கேட்டான். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது மழை பெய்தது. எட்டு மைல் நடை. வழியில் கல்பாலம் வந்ததும் ஹானா நின்றாள். "எந்த ஞாபகத்தை அண்ணே அவரு கேட்டாரு?" என்றாள். நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே சொன்ன வரிசையில் சொல்லவில்லை, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கம்பம் மாத்தினது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நெசமாவே தாண்டினதா நெனச்சுத்தான் நின்னாரு" என்றாள். அப்போதுதான் அழுதாள். புருஷனை அடக்கம் பண்ணின அன்றுகூட அவள் அழவில்லை.

இன்று காலை விடிந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இங்கே வரும் வழியெல்லாம் எனக்கு நாலு எட்டு முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்ததும் சொன்னாள்: "உள்ள போய் ஒண்ணு விடாம சொல்லு. சொல்லி முடிக்கிற வரைக்கும் இங்கதான் நிப்பேன். முடிச்சப்புறம் நீ எனக்கு அண்ணன் இல்ல."

ரெட்ஷா வளைவின் கீழ்முனையிலிருந்து பன்னிரண்டு எட்டில், தண்டவாளத்துக்கு இடப்புறம் தோண்டிப் பார்க்கலாம். கரித்தூளுக்கு அடியில் நான் முட்டுக்கொடுத்த இரண்டு கற்கள் வெள்ளைச் சாயம் ஒட்டியபடி இருக்கும். அன்று நட்டிருந்த கம்பத்தை டாம் லிடில் தாண்டித்தான் நின்றான். ஐசக் ஹெரன் கம்பம் இருந்த இடத்தில்தான் கம்பத்தைப் பார்த்தான், அவன் கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. இந்த இரண்டையும் அந்த ஜூரிகள் முன்னிலையிலேயே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக வேறு எதையும் கேட்கவில்லை.

இன்னும் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சன்னலுக்கு வெளியே என் தங்கை நிற்பது தெரிந்தது. குமாஸ்தாவின் மனைவி நாற்காலி கொண்டுவந்து வைத்தும் அவள் உட்காரவில்லை. மாஜிஸ்திரேட் இரண்டாவது முறையும் கேட்டார். கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மூன்றாவது முறை கேட்டபோது, இல்லை ஐயா, சொல்லி முடித்துவிட்டேன் என்றேன்.

இதில் எழுதியிருப்பது முழுவதையும் குமாஸ்தா நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார், நான் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. எனக்கு எழுதத் தெரியாததால் கீறல் போட்டிருக்கிறேன்.

கத்பர்ட் ராப்சன்
X
அவர் கீறல்